அப்பா வீட்டு லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றலாமா? நம்பர் மாறக்கூடாது, கரண்ட் போனாலும் மணி அடிக்க வேண்டும்

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள், நான் சென்னையில். அந்த வீட்டில் 1991ல் வந்த லேண்ட்லைன் இன்னும் இருக்கிறது. அப்போதெல்லாம் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் அப்பாவுக்கு அந்த நம்பர் கிட்டத்தட்ட ஒரு சொத்து. சொந்தக்காரர்கள், சாஸ்திரிகள், எண்ணெய்க் கடைக்காரர், பழைய ஆபீஸ் நண்பர்கள் என்று எல்லோருக்கும் அது மனப்பாடம்.

பிரச்சினை என்னவென்றால் இரண்டு வருடமாக மழை வந்தால் லைனில் கரகரவென்று சத்தம். தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியதில் கேபிள் இரண்டு முறை அறுந்தது, கடைசி முறை 11 நாள் போன் செத்துக் கிடந்தது. இப்போது செம்பு ஒயரை இனிமேல் சரி செய்ய மாட்டோம், ஃபைபர் எடுத்துக்கொள்ளுங்கள், போன் இன்டர்நெட் வழியாகவே வந்துவிடும் என்கிறார்கள்.

அப்பா கேட்பது மூன்றே விஷயம்: அதே நம்பர் இருக்குமா, கரண்ட் போனால் பேச முடியுமா, ஹாலில் இருக்கும் போனையும் கொல்லைப்பக்கத்து அறையில் இருக்கும் போனையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா. மொபைல் வாங்கிக் கொடு என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். வாங்கிக் கொடுத்தாயிற்று. யாராவது கூப்பிட்டால் தேய்க்கிறேன் பேர்வழி என்று கட் செய்துவிடுகிறார், அப்புறம் நமக்கே திட்டு விழுகிறது.

பழைய_லைன்மேன்:

தம்பி, இந்த வேலையில் 34 வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

செம்பு லைனில் உங்கள் அப்பாவின் போனுக்குக் கரண்ட் உங்கள் வீட்டிலிருந்து போவதில்லை. எக்ஸ்சேஞ்சில் அலமாரி அலமாரியாக பேட்டரி இருக்கும், அங்கிருந்து 48 வோல்ட் இதே இரண்டு கம்பியில் வருகிறது, மணி அடிக்கிறபோது அதற்கு மேல் தனியாக ஒரு ஏசி வரும். ஈரக்கையோடு ஜாயின்ட் போட்டுக்கொண்டிருக்கும்போது எவனாவது அந்த நம்பரைக் கூப்பிட்டால் சுள்ளென்று ஒரு அடி அடிக்கும் பாருங்கள், எங்கள் செட்டில் எல்லோரும் வாங்கியிருக்கிறோம். ஊரே இருட்டாக இருந்தாலும் போன் பேசியதற்குக் காரணம் அந்த பேட்டரிதான்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. ஆகவே உங்கள் வீட்டில் வைக்கும் பெட்டி (மோடம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், கம்பெனிக்காரன் ஓஎன்டி என்பான்) வீட்டுக் கரண்டில் ஓடியாக வேண்டும். பெட்டி அணைந்தால் போனும் அணைந்தது. இதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், அப்பா வைத்திருப்பது கார்ட்லெஸ் போனா? அப்படியானால் அது செம்பு லைனிலும் கரண்ட் போனால் வேலை செய்யாது, கீழே இருக்கும் பேஸுக்குக் கரண்ட் வேண்டும். ஒயர் போட்ட சாதா போன் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது உண்மையான நஷ்டம்.

வழி இருக்கிறது. ரௌட்டருக்கென்றே குட்டி யுபிஎஸ் கிடைக்கிறது, உள்ளங்கை அகலம்தான். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியரா 1.5 ஆம்பியரா என்று பார்த்து அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். என் வீட்டில் மூன்றரை மணி நேரம் தாங்குகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9க்கு நிறுத்தி சாயங்காலம் கொடுக்கிற நாளுக்கு அது போதாது, அதற்கு வீட்டு இன்வெர்ட்டர் லைனில் பெட்டியைக் கொடுங்கள். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடாவிட்டால் மாறும் அந்தக் கணத்தில் பெட்டி அணைந்து மறுபடி உயிர் பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும், பேசிக்கொண்டிருந்த அழைப்பு போயே போச்சு.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் கரண்ட் இருந்து என்ன, இழையின் மறுமுனையில் இருக்கிற மெஷினுக்கும் கரண்ட் வேண்டுமல்லவா? நடுவில் தெருவில் தொங்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டிக்கு (ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) கரண்ட் தேவையில்லை. ஆனால் மறுமுனை எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதா, உள்ளூர் கேபிள்காரர் மாடியில் இருக்கிறதா, அங்கே பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கனெக்ஷன் கொடுக்க வருகிறவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மழைக் கரகரப்பு மட்டும் சத்தியமாகப் போய்விடும். செம்பு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குவதால் வருவது அது. இடி இடித்தால் போன் வழியாக வீட்டுக்குள் வந்து போனைக் கருக்குவதும் இருக்காது.

மேட்டுத்தெரு_மீனா:

நம்பர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள், நாங்கள் பட்டுவிட்டோம். மொபைலில் 2011லிருந்து கம்பெனி மாறினாலும் நம்பரைக் கூடவே கொண்டு போகலாம், அதனால் லேண்ட்லைனும் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டு வேறொரு கம்பெனியில் ஃபைபர் போட்டுவிட்டு, பழைய லைனை சரண்டர் செய்து டெபாசிட்டையும் வாங்கி வந்துவிட்டார். லேண்ட்லைன் நம்பரை அப்படிக் கொண்டு போக முடியாது. புது நம்பர் கொடுத்தார்கள். பழைய நம்பரைத் திருப்பிக் கேட்டு நாலு முறை அலைந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. இத்தனைக்கும் நாத்தனார் பெண் கல்யாணப் பத்திரிகையில் அந்த நம்பரைத்தான் அச்சடித்திருந்தோம்!

அதனால் இப்போது லைன் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமே "இதே நம்பரோடு ஃபைபருக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். சரண்டர் என்ற வார்த்தையையே வாயில் எடுக்காதீர்கள். ஃபைபரில் அதே நம்பர் ஒலிப்பதைக் காதால் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

பொட்டி_தட்டுபவன்:

வேகம் பற்றி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீங்க. ஒரு அழைப்புக்கு விநாடிக்கு 100 கிலோபிட் கூடத் தேவையில்லை, மிகக் குறைந்த பிளானே எதேஷ்டம். பேச்சு விட்டு விட்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பாக்கெட்டுகள் (குரலைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் பொட்டலங்கள்) ஒழுங்காக வந்து சேராததுதான். ஆனால் ஃபைபர் கம்பெனியே கொடுக்கும் போனில் குரலுக்குத் தனி வழி ஒதுக்கியிருப்பார்கள், வீட்டில் யாராவது படம் இறக்கினாலும் பாதிக்காது. மொபைல் செயலி வழியாகப் பேசும் இணைய போன் வேறு கதை, அதற்கு உங்கள் வைஃபையின் மனநிலையைப் பொறுத்து எல்லாம்.

ஒரு எரிச்சல் மட்டும் எனக்கு உண்டு. வங்கிக்குப் போன் போட்டு "தமிழுக்கு 1ஐ அழுத்தவும்" என்றால் அழுத்தினாலும் அந்தப் பக்கம் சில சமயம் கேட்காது. பொத்தானின் டோனை எப்படி அனுப்புவது என்று பெட்டியில் ஒரு செட்டிங் இருக்கிறது, கம்பெனிக்காரர்கள்தான் மாற்ற முடியும். கனெக்ஷன் கொடுத்த அன்றே அவர் இருக்கும்போதே ஒரு முறை அழுத்திப் பாருங்க. மொபைல் நம்பருக்கு முன்னால் 0 போடும் வழக்கம் (2021 ஜனவரி 15லிருந்து வந்ததே, அதுதான்) இதிலும் அப்படியே.

தேம்ஸ்_தமிழன்:

இங்கே லண்டனில் எங்கள் வீட்டில் இதே கூத்து நடந்து முடிந்தது, அதனால் எழுதுகிறேன். பிரித்தானியா முழுக்கப் பழைய போன் வலையமைப்பை 2027 ஜனவரியோடு மூடுகிறார்கள். முதலில் 2025 முடிவு என்றுதான் சொன்னார்கள், பிறகு தள்ளிப் போட்டார்கள். கழுத்தில் அவசரப் பொத்தான் கட்டியிருக்கும் முதியவர்களை நினைத்துத்தான் அது. விழுந்துவிட்டால் அமத்த வேண்டும், அது போன் லைன் வழியாகத்தான் உதவி மையத்துக்குப் போகும். என் மாமிக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. புது லைனுக்கு மாறியதும் அது வேலை செய்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை, நான்தான் அமத்தச் சொல்லிச் சோதித்தேன்.

இங்கே வீட்டுப் போனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி செய்துகொடுக்க வேண்டும் என்று ஆஃப்காம் (இங்கே தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமைப்பு) கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு மணி நேரம் என்ன கணக்கோ! மாமி இப்பவும் மெழுகுவர்த்தியும் ஒரு பொத்தான் வைத்த பழைய நோக்கியாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். உங்கள் அப்பாவுக்கும் தேய்க்கத் தேவையில்லாத அப்படியொன்று வாங்கிக் கொடுங்கோ, 112 அடிக்கவாவது உதவும்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மீனா அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள், சரண்டர் ஃபாரம் என் பையில்தான் இருந்தது. லைன்மேன் ஐயா, மூன்றாவது கேள்வி மிச்சம். ஹால் போனிலிருந்து கொல்லைப்பக்க அறைக்கு அப்பா அந்தக் காலத்தில் சுவரோரமாக ஆணி அடித்து ஒயர் இழுத்து பேரலல் போட்டிருக்கிறார். அது?

பழைய_லைன்மேன்:

பயன்படுத்தலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் செம்பு ஜோடியை முதலில் வீட்டு ஒயரிலிருந்து முழுசாகக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு, அப்புறம்தான் பெட்டியின் போன் ஓட்டையிலிருந்து வீட்டு ஒயருக்குக் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எக்ஸ்சேஞ்ச் வோல்டேஜ் பெட்டிக்குள் ஏறி அந்தப் போர்ட் போய்விடும். லைன் செத்துத்தானே கிடக்கிறது என்று விடாதீர்கள், செத்த லைனில் நாளைக்கு யாராவது உயிர் கொடுப்பார்கள்.

பெட்டி இரண்டு போனுக்குத் தாங்கும். பழைய மெக்கானிக்கல் மணி வைத்ததாக இருந்தால் மட்டும் சத்தம் குறையலாம். ஆமாம், விரல் விட்டுச் சுற்றும் டயல் போன் எதுவும் இல்லையே?

காவிரிக்கரை:

இருக்கிறது ஐயா. கொல்லைப்பக்கத்து அறையில் இருப்பதே அதுதான், கறுப்பு.

மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். அதே நம்பரோடு மாற்றிவிட்டார்கள், நடுவில் இரண்டு நாள் எந்தப் பக்கமும் போன் இல்லை. குட்டி யுபிஎஸ் போட்டிருக்கிறேன், அடுத்த மாதம் எலக்ட்ரீஷியன் வந்து இன்வெர்ட்டர் பாயின்ட் இழுக்கிறார். மறுமுனை எங்கே என்று கேட்டேன். வந்தவர் கொஞ்சம் யோசித்து, எக்ஸ்சேஞ்சில்தான், ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் போட்டால் ஓடும் என்றார். ஹால் போனில் கரகர இல்லை. சத்தமே இல்லாததால் லைன் கட்டாகிவிட்டதோ என்று அப்பா நடுநடுவே "ஹலோ, இருக்கியா" என்கிறார்.

டயல் போனில் மணி அடிக்கிறது, கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி. எடுத்துப் பேசலாம், ஆனால் சுற்றினால் போகவில்லை, இந்தப் பெட்டிக்கு அந்தப் பழைய டயல் கணக்குப் புரியவில்லையாம். மாற்றிவிடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "கொல்லைப்பக்கம் உட்கார்ந்து நான் யாரைக் கூப்பிடப் போகிறேன், வருகிறதை எடுத்தால் போதும்" என்றுவிட்டார்.