ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சருக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைங்களுக்கு ஓட்டப்பயிற்சி குடுக்கிறவங்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்ல சிக்கி நிக்கிறேன். விழுந்து உடையுறது இல்ல, ஓய்வில்லாம ஓடி ஓடி எலும்பு மெல்ல விரிசல் விடுறது, பாதத்துல அதிகமா ரெண்டாவது மூணாவது விரலுக்குப் பின்னால இருக்கிற நீள எலும்புல. "அழுத்த முறிவு"ன்னு போட்டேன், மன அழுத்தத்தால எலும்பு உடையுமான்னு கேக்குறாங்க.

———

> அழுத்த முறிவு

அழுத்தம்னா பிரஷர். இயற்பியல் பாடநூல்ல ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தகைவுன்னு இருக்கு. தகைவு முறிவுன்னே போடுங்க.

———

ஐயா, தகைன்னா பி.டி. மாஸ்டருக்கு "தகைசான்ற" தான் ஞாபகம் வரும். அயர்முறிவு நல்லாருக்கும். அயர்தல்னா சோர்தல் மட்டுமில்ல, "மாலை அயர்கம் விருந்து"ன்னு குறள்லயே கொண்டாடுற பொருள்ல வருது, வெறியயர்தல், விளையாட்டயர்தல்னும் உண்டு, ஆடிச் சோர்ந்த எலும்புக்கு இதவிடப் பொருத்தமா சொல் கிடைக்காது. 1855லயே பிரெய்ட்ஹாப்ட்ங்கிற ராணுவ டாக்டர் நடந்து நடந்து பாதம் வீங்கின பிரஷ்ய வீரர்களைப் பத்தி எழுதியிருக்கார், எக்ஸ்ரே வர்றதுக்கு 40 வருஷம் முன்னாடி.

———

அண்ணா, வேர்ச்சொல் இருக்கட்டும். இந்தப் பிள்ளைங்களைத் தினமும் பாக்குறவ நான். வீட்ல "கீறல்"னு சொல்றாங்க, கீறல்தானேன்னு மறுபடி ஓட விட்டுடுறாங்க. மொத ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது, அதைப் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சுடுறாங்க. ஒத்த விரலால எலும்பு மேல அமுக்கும்போது ஒரே இடத்துல சுருக்குன்னு வலிச்சா ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டணும், சந்தேகம்னா எம்ஆர்ஐ. அதனால முறிவுங்கிற சொல் கட்டாயம் இருக்கணும். ஆனா பத்து வயசுப் பிள்ளைக்குக் குதிகாலை ரெண்டு பக்கமும் பிடிச்சு அமுக்கினா வலிக்குதுன்னா அது பெரும்பாலும் வேற, வளர்ற எலும்புல தசைநாண் இழுக்குற இடத்துல வர்ற வலி, அதை இதே பேருக்குள்ள தயவுசெஞ்சு அடைக்காதீங்க.

———

நன்றிம்மா, குதிகாலைத் தனியா எழுதிடுறேன். பெரும்பாலானவங்க அயர்முறிவுன்றதால அதையே போட்டு, பக்கத்துல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னும் போடுறேன். நேரமில்ல.

———

எனக்கு ஒப்புதல் இல்ல. அயர்ச்சின்னா ரெண்டு நாள் படுத்தா போயிடும்னுதான் படிக்கிறவங்க நினைப்பாங்க, இது ஆற ஆறு எட்டு வாரம் ஆகும். பாடநூல்ல ஒரு சொல் கையேட்டுல ஒரு சொல்னா மாணவன் எதைப் பிடிப்பான்? அடுத்த பதிப்புலயாவது தகைவு முறிவைப் பாருங்க.