தண்ணீர்ப் பந்தல் பேனருக்கு பலூ தம்பி எழுத்துரு சரிவருமா?

பட்டர்வொர்த் பையன்:
தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நண்பர்கள் சேர்ந்து பந்தல் போடுகிறோம். பேனர் முழுக்க பலூ தம்பி 2 எழுத்துரு, அதிலும் ஆகத் தடித்த எக்ஸ்ட்ரா போல்ட். குண்டு குண்டாக, முனையெல்லாம் உருண்டு, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குழுவில் பெரியவர் ஒருவர், பாலர் பள்ளிக்கு ஆள் சேர்க்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். என்ன சொல்கிறீர்கள்?

எழுத்தாணி:
பெரியவர் சொன்னதில் தப்பே இல்லை. காவடி போகிற பாதையில் வைக்கிற பேனருக்கு ஒரு நிதானம் வேண்டாமா? இலவசமாகக் கிடைக்கிறது என்று ஐஸ்கிரீம் கடையிலிருந்து கருமாதி அறிவிப்பு வரைக்கும் இதே எழுத்துதான், பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது.

செந்தூல் அக்கா:
பந்தல் என்ன கருவறையா? மோர் ஊற்றுகிறார்கள், பாட்டு அலறுகிறது, பிள்ளைகள் பலூனோடு ஓடுகின்றன. அங்கே விறைப்பான எழுத்துதான் ஒட்டாது. அதோடு நம் ஊரில் பேனர் என்றால் மலாயும் வரும். மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் இந்தக் குடும்பத்தைப் பல இந்திய எழுத்துகளுக்கு வரைந்தபோது ரோமன் எழுத்தையும் அதே தடிமனில் கொடுத்திருக்கிறது. மேலே ‘தண்ணீர்ப் பந்தல்’, கீழே ‘மினுமான் பெர்சூமா’ (இலவச பானம்) என்று போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே கை எழுதியது போல இருக்கும். தமிழுக்கு ஒன்று, மலாய்க்கு ஒன்று என்று தேடி ஒட்டவைக்கிற தலைவலி இல்லை.

எழுத்தாணி:
சரி அக்கா, அந்த ‘தண்ணீர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் மூன்று சுழி ண இரண்டு, ஒன்றின் தலையில் புள்ளி, இன்னொன்றின் தலையில் ஈகாரச் சுழிப்பு. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை சுருங்கும். பேனரின் அடியில் ‘உபயம்’ என்று முப்பது பேரைப் பொடியாக அடுக்குவார்கள் பாருங்கள், அங்கே மணியம் மனியம் ஆகிவிடுவார், பிறகு அவர் வீட்டுக்கு யார் போய்ப் பதில் சொல்வது?

செந்தூல் அக்கா:
அது கொட்டை எழுத்தைப் பொடியாகப் போடுகிறவர் செய்கிற கோளாறு. 2016இல் வந்த பழைய பலூ தம்பியில் ஒரே தடிமன்தான், 2 என்று வந்ததில் ரெகுலரிலிருந்து எக்ஸ்ட்ரா போல்ட் வரை ஐந்து இருக்கிறது. தலைப்பு இரண்டு மூன்று சொல், அதற்கு மட்டும் எக்ஸ்ட்ரா போல்ட், அதுவும் பெரிதாக. உபயம், அன்னதான நேரம், போன் நம்பர் எல்லாம் முக்தா மலர் என்ற எழுத்துருவில் போடுங்கள். அதுவும் ஏக் டைப்தான், அதுவும் இலவசம், பொடி எழுத்திலும் சுழி அடைக்காது. தம்பி, பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் ஒரு துண்டை நிஜ அளவில் அடித்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று படித்துப் பாருங்கள். லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

பட்டர்வொர்த் பையன்:
உபயப் பட்டியலை மாற்றிவிட்டேன் அக்கா. பெரியவரும் இறங்கி வந்துவிட்டார், ஆனால் தலைப்புக்கு மஞ்சள் பார்டரும் சிவப்பு நிழலும் வேண்டுமாம்.

எழுத்தாணி:
பார்டர் போட்டால் புள்ளி ண-வோடு ஒட்டிக்கொள்ளும். நிழலாவது வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுத்து பந்தலுக்குப் பொருந்தவில்லை என்பதில் நான் இன்னும் மாறவில்லை.