கிணற்றில் வரும் ரோல் கங்கையில் ஏன் வரவில்லை?

தோப்புக்காரன் கேட்டது:

எனக்கு 41 வயதுங்க. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு. மூன்று வருடம் முன்பு, ஊரை விட்டுப் போன ஒருவரிடம் பழைய பிளாஸ்டிக் கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்பு போடும் சின்னப் படகு) ஒன்றை வாங்கினேன். பக்கத்தில் ஓட்டுவதற்குத் தோதான ஆறு இல்லை. கயிறு கட்டித் தோட்டத்துக் கிணற்றிலேயே இறக்கிவிட்டேன். 40க்கு 40 அடி சதுரக் கிணறு. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. வீடியோவைப் பார்த்துப் பார்த்து ரோல் பழகினேன். கவிழ்ந்து, தலைகீழாகத் தொங்கி, துடுப்பை வீசி, இடுப்பை வெட்டி நிமிர்வது. ஆறு மாதத்தில் பத்துக்குப் பத்து வந்தது.

போன நவம்பரில் ரிஷிகேஷ் போய் ஐந்து நாள் பயிற்சியில் சேர்ந்தேன். சிவ்புரியில் இறங்கினோம். முதல் நாள் கரையோரம் அடங்கிய தண்ணீரில் ரோல் போட்டுக் காட்டினேன், பயிற்சியாளர் கைதட்டினார். மூன்றாம் நாள், ரோலர் கோஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிற அலை வேகமான இடத்தில், இரண்டாவது அலையிலேயே கவிழ்ந்தேன். முதல் முயற்சியில் பாதி எழுந்து மறுபடி விழுந்தேன். அடுத்ததில் அந்தப் பாதியும் இல்லை. படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடியிருக்கும் ஸ்கர்ட்டை இழுத்துக் கழற்றி வெளியே வந்து நீந்தினேன். கோல்ஃப் கோர்ஸ் என்கிற அடுத்த அலை இடத்திலும் அதே கதை. மூன்று நாளில் ஏழு நீச்சல். ரோல் ஒன்றுகூட இல்லை.

பயிற்சியாளர் ஒவ்வொரு தடவையும் "சிர் நீச்சே! சிர் நீச்சே!" என்று கத்தினார். எனக்குத் தெரிந்த இந்திக்கு, ஏதோ "சார், கீழே" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி நாள் சாயங்காலம்தான் தெரிந்தது, சிர் என்றால் தலையாம்.

குளிரா, வயதா, படகு பழசா? ஏப்ரலில் மறுபடி போகலாமா? இல்லை, பக்கத்திலேயே, கேரளாவில் இருக்கிற கோடஞ்சேரிக்கு ஜூலையில் போய்ப் பார்க்கட்டுமா? வீட்டில், "கிணத்தோட நிறுத்திக்குங்க" என்கிறார்கள்.

மலையேறி:

படகை மாற்றும் முன் அதற்குள் நீங்கள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பாருங்க. பழைய படகில் தொடைப் பிடி தேய்ந்திருக்கும். இடுப்பைத் திருப்பினால் நாம் திரும்புவோம், படகு திரும்பாது. நான் பழைய யோகா பாயை வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டினேன். செலவு பசைக்கு மட்டும்தான்.

டேராடூன் அக்கா:

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதிலை அந்தப் பயிற்சியாளர் ஏழு தடவை சொல்லிவிட்டாரே!

நான் இங்கே வந்து 14 வருடம் ஆகிறது. எனக்கு முதல் ஆற்று ரோல் வந்தது பதினெட்டாவது தடவை கவிழ்ந்தபோது. அதுவரை கங்கையில் நீந்திய நீச்சலில் பாவமெல்லாம் மொத்தமாகக் கழுவிப் போயிருக்கும். அதனால் ஏழு பெரிய கணக்கில்லை.

தண்ணீருக்குள் மூச்சு முட்டும்போது உடம்புக்கு ஒரே நினைப்புதான்: வாயை மேலே கொண்டுபோ. உடனே தலை தூக்கும். தலை முதலில் எழுந்தால் அந்தப் பளு முழுவதும் படகைத் திரும்பக் கவிழ்க்கும். நீங்கள் சொன்ன "பாதி எழுந்து மறுபடி விழுந்தேன்" இதுதான். முதலில் படகு நிமிர வேண்டும், அப்புறம் உடம்பு, கடைசியில் தலை. காது தோளோடு ஒட்டியிருக்க, கண் துடுப்பின் இலையைப் பார்க்க வேண்டும். எனக்குத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் ஸ்பாஞ்ச் வைத்துப் பழக்கினார்கள். ரோல் முடியும் முன் அது மிதந்து போனால் தலையைத் தூக்கிவிட்டோம் என்று அர்த்தம். உங்கள் தோப்பில் தேங்காய் மட்டைக்கா பஞ்சம்? ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கிணறு உங்களை ஏமாற்றிவிட்டது. அங்கே மூச்சை இழுத்து, துடுப்பைச் சரியாக வைத்து, கைவந்த பக்கமாகப் பார்த்து நீங்களே கவிழ்கிறீர்கள். ஆறு இதில் ஒன்றையும் உங்களிடம் கேட்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே கவிழ்க்கும். அதனால் வேறு யாராவது, சொல்லாமல், உங்களைக் கவிழ்க்கட்டும். துடுப்பு எங்கோ கிடக்கட்டும், அதை உள்ளே போய்த் தேடி எடுங்கள். இடது பக்கமும் பழகுங்கள். படிக்கட்டில் நாலு தடவை ஏறி இறங்கி, மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து கவிழுங்கள். தனியாக மட்டும் வேண்டாம், மேலே கயிற்றோடு ஒருவர் நிற்கட்டும்.

குளிரும் ஒரு காரணம்தான். சில்லென்ற தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு திடுக்கென்று உள்ளே இழுக்கும், கிணற்றில் 20 நொடி அடக்கியவர் கங்கையில் அஞ்சு நொடியில் பதறுவார். வெட்சூட்டும் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) மூக்குக் கிளிப்பும் போடுங்கள். ஏப்ரலில் போனால் வெயில் சுடும், தண்ணீர் சுடாது. அது மேலே பனி உருகி வருவது. ஜூலை, ஆகஸ்ட் மழையில் ராஃப்டிங்கையே நிறுத்திவிடுவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அக்டோபர் கடைசிக்குத்தான் டிக்கெட் போடுவேன்.

அப்புறம் கவிழ்ந்த நொடியே துடுப்பை வீசாதீர்கள். அலை உடைந்த இடத்தில் பாதி நுரை, பாதி காற்று. துடுப்புக்குப் பிடிமானமே கிடைக்காது. முன்னால் குனிந்து படகின் மேல்தட்டோடு ஒட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அதற்குள் நுரை தாண்டிவிடும், கனமான தண்ணீர் துடுப்பில் தட்டுப்படும். சிவ்புரிக்குக் கீழே ஆறு ஆழமானது, பெரும்பாலும் இப்படிக் காத்திருக்க இடம் கொடுக்கும். கௌடியாலாவுக்குக் கீழே இருக்கிற, 'வால்' (Wall, சுவர்) என்று பெயர் வைத்த அலை இடம் வேறு சாதி. ஆற்றில் நாலு ரோல் வரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கூடலூரான்:

அக்கா கங்கைக்குச் சொன்னதை அப்படியே கோடஞ்சேரிக்குக் கொண்டுவந்துவிடாதீங்க அண்ணா. சாலிப்புழாவும் இருவஞ்சிப்புழாவும் மழைத்தண்ணீரில் ஓடுகிற ஆறுகள். ஒடுக்கம், செங்குத்து, வழியெல்லாம் உருண்டைப் பாறை. நீங்கள் தலைகீழாக மூன்று எண்ணினால் உங்கள் ஹெல்மெட் பாறைகளை எண்ணும். வெள்ளரிமலையில் மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். காலையில் பார்த்த பாறை மதியம் இருக்காது. நீந்த நேர்ந்தாலும் காலைத் தரையில் ஊன்ற நினைக்காதீங்க. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் ஆளை முன்னால் மடித்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால் முன்னால், விரல் மேலே.

இங்கே மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்கிற கயாக் போட்டி நடக்கும்போது வாங்க, புலிக்கயத்தில் கரையில் நின்று பார்க்கலாம். வெளிநாட்டுக்காரர்கள் கவிழ்ந்து எழுவதைப் பார்த்தாலே பாதிப் பாடம். கட்டன் சாயா என் செலவு.

தோப்புக்காரன்:

எல்லோருக்கும் நன்றிங்க. பாய் ஒட்டியாச்சு. நேற்று மட்டையை வைத்துக்கொண்டு வழக்கம்போல நானே கவிழ்ந்தேன். பத்துக்குப் பத்து நிமிர்ந்தேன், ஆனால் எட்டு தடவை மட்டை தனியாக மிதந்தது. அப்படியானால் இத்தனை நாளும் தப்பாகத்தான் போட்டிருக்கிறேன், அசையாத தண்ணீர் என்பதால் கிணறு கண்டுகொள்ளவில்லை.

இன்றைக்குக் கவிழ்க்கும் வேலையைப் பையனிடம் கொடுத்தேன். ஒன்பதாவது படிக்கிறான். போன மாதம் போனைப் பிடுங்கி வைத்த கோபம் முழுவதையும் தீர்த்துக்கொண்டான். பத்தில் மூன்று ரோல், ஏழு நீச்சல். நீச்சல் மட்டும் ரிஷிகேஷ் கணக்கேதான். நாளைக்கு இடது பக்கம்.