அம்மாவின் கிட்னியில் 2.3 செ.மீ. கட்டி: எடுக்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
அம்மாவுக்கு 58 வயது. பித்தப்பைக் கல் இருக்குமோ என்று பாலக்காட்டில் ஸ்கேன் எடுக்கப் போனோம். கல் இல்லை, வலது கிட்னியில் 2.3 செ.மீ.க்கு என்னவோ இருக்கிறதாம். டாக்டர் மலையாளத்தில் "செறிய ஒரு முழ" என்றார். அம்மா பூக்கட்டி விற்கிறவள். "எத்தனை முழமுங்க?" என்று கேட்டுவிட்டாள். அங்கே முழ என்றால் கட்டி. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அவர் எடுத்துவிடலாம் என்கிறார். கோயம்புத்தூரில் காட்டினால், "இந்த அளவில் ஐந்தில் ஒன்று கேன்சரே இல்லை, ஆனால் எடுத்த பிறகுதான் உறுதியாகும்" என்கிறார்கள். எடுத்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? அம்மாவுக்குச் சர்க்கரை வேறு.

செங்கோட்டை மாமா:
எனக்கு 3 செ.மீ. இருந்தது. பயத்தில் உடனே கையெழுத்துப் போட்டேன். முழுக் கிட்னியும் போச்சு. பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டில் ஆன்கோசைட்டோமா, கேன்சர் இல்லை. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். "நல்ல செய்திதானே, ஸ்வீட் எங்கே?" என்றார் அங்கே ஒருவர். இப்போது எனக்கு கிரியேட்டினின் (கிட்னி வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.6, இருக்க வேண்டியதைவிட அதிகம். எடுத்தே ஆகணும் என்றாலும், கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று முதலில் கேளம்மா. நான் அதைக் கேட்கவில்லை.

பொள்ளாச்சி சி.டி. டெக்னீஷியன்:
சி.டி. ரிப்போர்ட்டில் எச்.யு. என்று ஓர் எண் இருக்கும், பாருங்க. கட்டி எவ்வளவு அடர்த்தி என்று காட்டுவது. தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு மைனஸ். கட்டிக்குள் மைனஸ் 10க்கும் கீழே ஓரிடம் தெளிவாக வந்தால் அநேகமாக ஆஞ்சியோமயோலிப்போமா என்ற கொழுப்பு கலந்த கட்டி, கேன்சர் இல்லை. சிக்கல் என்னவென்றால், அதிலேயே கொழுப்பு குறைந்த வகை ஒன்று உண்டு. படத்தில் கேன்சர் போலவே இருக்கும். நடுவில் தழும்பு தெரிந்தால் ஆன்கோசைட்டோமா என்பார்கள். அதை நம்பி இருக்காதீங்க, கேன்சர் கட்டியிலும் அப்படித் தெரியும். இதயத்துக்கு எடுக்கிற செஸ்டாமிபி ஸ்கேன் ஓரளவு உதவும். ஆன்கோசைட்டோமாவில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குச் சக்தி தரும் பகுதி) நிறைய, ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்து அங்கே போய்த் தங்கும். எல்லா ஊரிலும் இதற்கு எடுக்க மாட்டார்கள்.

நர்ஸ் அக்கா, சித்தூர்:
ஊசி பயாப்சி பற்றிக் கேளு கண்ணு, ஊசியால் கட்டியில் துளி சதை எடுத்துச் சோதிப்பது. குத்தினால் பரவும் என்று திண்ணைக்குத் திண்ணை சொல்வார்கள். அது மிக அபூர்வம். ஆனால் சில சமயம் சதை போதாமல் பதிலே வராது. ஆன்கோசைட்டோமாவும் குரோமோஃபோப் என்ற ஒரு வகைக் கிட்னி கேன்சரும் மைக்ராஸ்கோப்பிலேயே ஆளை ஏமாற்றும். இவ்வளவு சின்னக் கட்டி சராசரியாக வருஷத்துக்கு 3 மி.மீ. அளவில்தான் வளரும். சில மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று கவனித்துக்கொண்டே காத்திருப்பதும் வைத்தியம்தான். நாளைக்கே ஓட வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். எச்.யு. எண், சி.டி.க்கான மருந்து ஏற்றும் முன் 34, ஏற்றிய பிறகு 96. மைனஸ் எங்கும் இல்லை. சரி, பயாப்சி பற்றிப் பேசப் போகிறோம். அம்மா ஆஸ்பிரின் சாப்பிடுகிறாள், ரத்தம் எளிதில் உறையாது, அதையும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை போகலாம் என்றேன். அன்றைக்கு முகூர்த்தமாம், இரண்டு கல்யாணத்துக்குப் பூ ஏற்றிருக்கிறாளாம். வெள்ளிக்கிழமைதான் வருவாளாம்.