குறையோடு சேர்த்தே ‘தும்பாட்’ பிடித்திருக்கிறது, உங்களுக்கும் அப்படியா?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலத்தில் நேற்று ராத்திரி நல்ல மழை. அந்த நேரம் பார்த்து ‘தும்பாட்’ என்ற இந்தித் திகில் படத்தை இரண்டாவது முறை பார்த்தேன். படத்திலும் மழை விடுவதே இல்லை, எந்தச் சத்தம் வெளியே, எது படத்தில் என்று பிரிக்க முடியவில்லை. குறைகளை மறைக்கவில்லை. ஹஸ்தர் என்ற பேயின் புராணத்தைத் தொடக்கத்திலேயே முழுசாகச் சொல்லிவிடுகிறார்கள், நாமே மெல்லத் தெரிந்துகொள்ள விட்டிருக்கலாம். 1918, 1933, 1947 என்ற மூன்று பகுதிகளில் கடைசியது அவசரமாக ஓடுகிறது. ஹஸ்தர் முழு உருவமாக வந்ததும் எனக்குப் பயம் குறைந்துவிட்டது. என் மச்சான் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். ஆனால் பூட்டிய அறையில் அந்தக் கிழவி, ஹஸ்தர் பேரைச் சொன்னால்தான் அவள் தூங்குவாள் என்பது... பூச்சாண்டி வர்றான் என்று சொல்லித்தானே நமக்கும் சோறு ஊட்டினார்கள். படுத்த பிறகும் அது போகவில்லை. இவ்வளவு குறை உள்ள படம் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது?

குடவாசல்காரன்:
தம்பி, எனக்குக் காரணம் தானியம். செல்வத்தின் தேவிக்குத் தலைப்பிள்ளை ஹஸ்தர். பொன்னை எடுத்துக்கொண்டான், தானியத்துக்குக் கை நீட்டியபோது மற்ற தெய்வங்கள் தடுத்துவிட்டன. கோவணம் நிறையப் பொற்காசு, ஆனாலும் தீராத பசி. அதனால்தான் மாவுப் பொம்மையைக் கண்டதும் பாய்கிறான், அந்த இடைவெளியில் கதாநாயகன் விநாயக் காசை உருவுகிறான். குறுவை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி, மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளியவன் நான். பொன் இருந்தும் ஒரு பிடி தானியம் கிடைக்காதவனைப் பேயாக நினைத்தவர் யாரோ, அவருக்குப் பசி தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு மாவிளக்கு போட மாவு பிசைவார்கள், படம் பார்த்த பிறகு அந்தக் கைகளைப் பார்க்கும்போதே என்னவோ செய்கிறது. கிராபிக்ஸ் சரியில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது எனக்கு இரண்டாம் பட்சம்.

மாயவரத்துப் பொண்ணு:
அண்ணா சொன்னது சரி, ஆனால் கிராபிக்ஸைவிடப் பெரிய குறை ஒன்றை யாருமே சொல்லவில்லை. விநாயக்கின் அம்மா ஒரே ஒரு பொற்காசுக்காக அந்த வாடாவின், அதாவது பழைய மாளிகையின், கிழவருக்கு வருஷக்கணக்கில் ஊழியம் செய்கிறாள். படத்திலேயே எனக்கு அதிகம் வலித்தது அதுதான், அவள் கதையோ 1918-உடன் நின்றுவிடுகிறது. பிறகு வரும் மனைவி வைதேகிக்கு ஒரு முழு காட்சி எழுதியிருந்தால்கூடப் போதும், அவன் பேராசை வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்கும். இருந்தாலும் இந்தப் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். விநாயக் திரும்பி வரும்போது அந்தக் கிழவியின் உடம்பிலிருந்தே மரம் முளைத்திருக்குமே, அந்த ஒரு காட்சிக்காகவே.

பழைய புரொஜெக்டர்:
மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-இல் படப்பிடிப்பு தொடங்கிய படம் 2018 அக்டோபரில்தான் வெளியானது. நிஜ மழைக்காகவே பருவம் பருவமாகக் காத்திருந்து எடுத்திருக்கிறார்கள். மழையை லாரித் தண்ணீரில் கொண்டுவந்துவிடலாம், ஆனால் ஐப்பசி மத்தியானம் நம்மூரில் விளக்குப் போட வைக்குமே ஒரு மூட்டம், அந்த வெளிச்சம் வராது. பங்கஜ் குமாரின் ஒளிப்பதிவு அந்த மூட்டத்தை அப்படியே பிடித்திருக்கிறது. 2024 செப்டம்பரில் மறுபடி வெளியானபோது தியேட்டரில் பார்த்தேன், ஹஸ்தர் இருக்கும் அந்த இடத்துக்குள் கயிற்றில் இறங்கும் காட்சியில் பக்கத்து இருக்கையில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. செல்போனில் பார்த்துவிட்டுப் பயமில்லை என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தம்பி, மச்சானைப் பெரிய திரையில் ஒருமுறை உட்கார வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
தானியத்தை நான் யோசிக்கவே இல்லை, அண்ணே. மாயவரத்து அக்கா, அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு முதல் அரை மணி நேரத்தை இப்போதுதான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காசு கைக்கு வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள். மச்சானுக்கும் போன் பண்ணியிருக்கிறேன், சனிக்கிழமை வருகிறான்.