பொலிகார்ப் கடைசி ஜெபத்துல எதிரிகளுக்காக ஏன் ஒரு வார்த்தையும் இல்ல?

கேள்வி:
ஸ்மிர்னா (இப்ப துருக்கில இருக்கற ஊர்) பிஷப் பொலிகார்ப் இரத்தசாட்சியா மரிச்சத அந்த ஊர் சபையே கடிதமா எழுதி பிலோமேலியம் சபைக்கு அனுப்பிச்சாங்க இல்லையா, அத இப்பதான் முழுசா படிச்சேன். கி.பி. 155 வாக்குல நடந்தது. கிறிஸ்துவப் பழிச்சு பேசு, விட்டுடறேன்னு ஆளுநர் சொல்றப்ப, "86 வருஷமா அவருக்கு ஊழியம் செய்றேன், எனக்கு அவர் ஒரு தீங்கும் செய்யல, என்னை இரட்சிச்ச ராஜாவ எப்படிப் பழிப்பேன்"ங்கற இடத்துல கண்ணு கலங்கிருச்சு. ஆனா அரங்கத்துல எரிக்கறதுக்காக கம்பத்துல கட்டினப்புறம் பண்ற ஜெபம் மனச உறுத்திட்டே இருக்கு. இயேசு சிலுவைல தன்னைக் கொல்றவங்களுக்காக மன்னிப்பு கேட்டார், முதல் இரத்தசாட்சி ஸ்தேவானும் கல்லெறி படும்போது இந்தப் பாவத்த இவங்க மேல சுமத்தாதிரும்னார். இவர் "இந்த நாளுக்கும் இந்த நேரத்துக்கும் என்னைப் பாத்திரனா எண்ணினீரே"ன்னு ஸ்தோத்திரம் மட்டும்தான் சொல்றார். ஏன்?

பதில் 1:
அத சத்தமா வாசிச்சுப் பாருங்க பிரதர், நற்கருணை ஜெபம் மாதிரியே இருக்கும். சர்வவல்லவருக்கு ஸ்தோத்திரம், கிறிஸ்துவோட பாத்திரத்துல பங்கு, பிரியமான பலியா இன்னைக்கு என்னை ஏத்துக்கொள்ளும், நித்திய பிரதான ஆசாரியர் வழியா மகிமை, ஆமென். அப்பத்தையும் ரசத்தையும் வச்சு ஜெபிச்ச பிஷப் இப்ப அந்த இடத்துல தன் உடம்ப வைக்கிறார். எழுதினவங்களும் அப்படித்தான் பார்த்திருக்காங்க, பெரிய மந்தைலருந்து பலிக்குன்னு பொறுக்கின ஆட்டுக்கடாங்கறாங்க, நெருப்பு நடுவுல வேகற அப்பம் போல இருந்தார்ங்கறாங்க. வழிபாட்டுச் சாயல் இவ்வளவு இருக்கறதால எழுதினவங்க கை பட்டிருக்கும்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க, இருக்கலாம், ஆனா வாழ்நாள் பூரா ஜெபிச்ச வார்த்தை அந்த நேரத்துல அவர் வாய்ல வந்திருக்காதா என்ன?

பதில் 2:
அந்தக் கடிதத்தோட 7, 8 அதிகாரத்த திரும்பப் படிங்க, உங்க கேள்விக்கு அங்கதான் பதில் இருக்கு. பிடிக்கிறவங்க ராத்திரி வர்றாங்க, இவர் மாடில இருக்கார், தப்பிச்சுப் போக வழி இருந்தும் போகல, இறங்கி வந்து அவங்களுக்கு வேணுங்கற மட்டும் சாப்பாடு குடுக்கச் சொல்லிட்டு, ஒரு மணி நேரம் ஜெபிக்க விடுங்கன்னு கேக்கறார். நின்னுக்கிட்டே ரெண்டு மணி நேரம் ஜெபிக்கிறார், வாழ்க்கைல சந்திச்ச சின்னவங்க பெரியவங்க எல்லாரையும், உலகம் பூரா இருக்கற சபையையும் நினைச்சு. இப்படிப்பட்ட பெரியவரையா பிடிக்க வந்தோம்னு வந்தவங்கள்ல பலர் வருத்தப்பட்டாங்களாம். பிலிப்பி ஊர் சபைக்கு பொலிகார்ப் எழுதின கடிதத்துலயும் உங்களத் துன்பப்படுத்தறவங்களுக்காக ஜெபிங்கன்னு அவரே சொல்லியிருக்கார். மத்தவங்களுக்காகக் கேக்க வேண்டியத வீட்லயே கேட்டு முடிச்சிட்டார், அரங்கத்துல மிச்சம் இருந்தது ஸ்தோத்திரம்தான்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இது மனசுக்கு நிறைவா இருக்குங்க. ஆனா அந்த ரெண்டு மணி நேர ஜெபத்துல ஒரு வரி கூட எழுதி வைக்காம, அரங்க ஜெபத்த மட்டும் முழுசா ஏன் குடுத்தாங்க?

பதில் 1:
வருஷா வருஷம் அவர் மரிச்ச நாள்ல அவரோட எலும்புகள வச்ச இடத்துல கூடுவோம்னு அதே கடிதத்துல எழுதறாங்க, அடுத்து சாகப் போறவங்களுக்கும் அது பயிற்சின்னு. அப்படிக் கூடறவங்க சேர்ந்து சொல்லத் தோதா இருக்கறது அரங்க ஜெபம்தானே.