காமினோ பாதையில் பலமுறை நடந்தவர்களோடு 34 நாட்கள்: அனுபவப் பகிர்வு

பிரான்சில் சேன் ஜான் பியே தெ போர் என்ற மலையடிவார ஊரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா வரை ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நீளும் பழைய கிறிஸ்தவ யாத்திரைப் பாதைதான் காமினோ. ஒரு செப்டம்பரில் கிளம்பி 34 நாளில் நடந்து முடித்தேன். பாதையைப் பற்றிய தகவல் எங்கும் கிடைக்கும். எனக்கு எழுதத் தோன்றுவது அங்கே கண்ட மனிதர்களைப் பற்றி, அதிலும் பலமுறை நடந்து பழகிய வெளிநாட்டவர்களைப் பற்றி. அவர்கள் இல்லையென்றால் மூன்றாம் நாள் வரும் பாம்ப்லோனா நகரத்தையே நான் தாண்டியிருக்க மாட்டேன்.

முதல் நாளே பிரனீஸ் மலை. 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, மறுபக்கம் ரொன்செஸ்வாயெஸில் இறங்க வேண்டும். என் முதுகில் 11 கிலோ. அங்குள்ள பழைய மடத்து விடுதியை நெதர்லாந்திலிருந்து முறைவைத்து வரும் தன்னார்வலர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். ஷூவைக் கழற்றித் தனியாக அடுக்கிவிட்டுத்தான் மேலே போகலாம். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு டச்சு அம்மாள், வயது 68, ஆறாவது நடை. அவர் பை மொத்தமே 6 கிலோதான். என் பையைக் கட்டிலில் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, "இன்றைக்கு இதைத் தொட்டீர்களா?" என்று கேட்டார். ஜீன்ஸ், இரண்டு புத்தகம், பெரிய துண்டு, கிலோ கணக்கில் மாத்திரை மருந்து. எதையும் தொடவில்லை. "உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதீர்கள், மருந்துக்கடை எல்லா ஊரிலும் இருக்கிறது" என்றார். மூன்றாம் நாள் பாம்ப்லோனா தபால் நிலையத்திலிருந்து நாலு கிலோவைச் சாந்தியாகோவுக்கு அனுப்பிவிட்டேன். சின்ன மாவடு பாட்டிலை மட்டும் அவர் திருப்பி என் கையில் வைத்தார். அது பயன்படும் என்று எப்படித் தெரிந்ததோ!

ஏனென்றால் சைவம் சாப்பிடுபவர்களுக்கு முதல் பத்து நாள் சிரமம்தான். 'என்சலாதா மிக்ஸ்தா' என்று சாலட் கேட்டால் மேலே சூரை மீன் வைத்து வரும். "சின் அதூன்", அதாவது மீன் வேண்டாம் என்று, முன்கூட்டியே சொல்ல வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மூடும் கடை ஐந்து மணிக்குத்தான் திறக்கும், ஞாயிறு பெரும்பாலும் பூட்டுதான். சனிக்கிழமையே ரொட்டி, சீஸ், பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிரான்யோன் என்ற சிறிய ஊரில் தேவாலயத்தோடு ஒட்டிய விடுதி. கட்டில் கிடையாது, தரையில் பாய்தான். கட்டணமும் கிடையாது. திறந்த பெட்டி ஒன்று இருக்கும். முடிந்ததைப் போடலாம், தேவைப்பட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சமையலும் பாத்திரம் கழுவுவதும் எல்லோரும் சேர்ந்து. ஓய்வுபெற்ற அமெரிக்கர் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இது நான்காவது தடவையாம். என் குதிகால் கொப்புளத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவி வந்து, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வயதில் பெரியவர் என் காலைத் தொடுவதா என்று பின்னால் இழுத்தேன், அவர் விடவில்லை. கொப்புளத்தில் ஊசி நூல் கோத்து விடும் பழக்கம் அங்கே பலரிடம் உண்டு. இவர் அது கிருமிக்கு வழி என்று சொல்லி, சுத்தம் செய்து ஜெல் பட்டை மட்டும் ஒட்டினார். பிறகு கையை மறுபடி கழுவிக்கொண்டு வெங்காயத்துக்குப் போய்விட்டார். அன்றிரவு மாவடு மேசையைச் சுற்றி வந்தது.

பூர்கோஸ் நகரத்தைத் தாண்டியதும் மெசேத்தா என்ற பீடபூமி. அறுவடை முடிந்த கோதுமை நிலம், நிழலே கிடையாது. கரியோன் என்ற ஊருக்குப் பிறகு 17 கிலோமீட்டருக்கு ஓர் ஊர்கூட வராது. பலர் இந்தப் பகுதியைப் பேருந்தில் கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எனக்கு அப்பாவோடு அதிகம் பேச முடிந்தது அங்கேதான்.

அப்பா தேவகோட்டையிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊருணிக் கரையிலிருந்து ஒரு கல் எடுத்துப் போயிருந்தேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் க்ரூஸ் தெ ஃபெர்ரோ, உயர்ந்த மரக்கம்பத்தின் உச்சியில் சின்ன இரும்புச் சிலுவை. அடியில் குன்றுபோலக் கற்கள், அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. அதே டச்சு அம்மாளை அங்கே மறுபடி பார்த்தேன். ஆறாவது முறை வந்தவர், ஆறாவது கல்லை வைத்துவிட்டு, நான் வைத்து முடிக்கும்வரை பத்தடி தள்ளி நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது தன் கைத்தடிகளில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். கீழே மோலினாசேகா வரை செங்குத்தான கல்பாதை, முழங்காலுக்கு அது தேவைப்பட்டது.

— — —

மறுமொழி:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் சாரியாவிலிருந்து மட்டும் நடந்தவன், 115 கிலோமீட்டர், ஐந்து நாள். யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் போதும் என்பதால் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். நீண்ட தூரம் வந்த சிலர் எங்களைச் சுற்றுலாக்காரர்கள் என்று முகம் சுளிப்பதைப் பார்த்தேன், வருத்தமாக இருந்தது. எனக்கு அவ்வளவுதான் விடுப்பு.

ஆனால் மெலீதேயில் ஒரு பிரெஞ்சுக்காரர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். லெ புயி நகரிலிருந்து நடந்து வருகிறார், மொத்தம் 1,500 கிலோமீட்டர். வழியில் வரும் ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரைப் பற்றி அவர்தான் சொன்னார். அந்த ஊர்ப் பாதிரியார் எலியாஸ் வாலின்யா 1984-இல் மஞ்சள் பெயிண்ட்டோடு கிளம்பி வழிநெடுக அம்புக்குறி வரைந்தாராம். இன்று உலகமே பின்தொடரும் மஞ்சள் அம்பு அதுதான். "அவர் யாரிடமும் எங்கிருந்து கிளம்பினாய் என்று கேட்டு வரையவில்லை" என்றார். மறுநாள் முழுக்க என் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

அடுத்த ஏப்ரலில் முழுப் பாதையும் நடக்க ஆசை. சரியான மாதமா?

— — —

தம்பி, தாராளமாகப் போங்கள். மலை உச்சியில் பனி இருந்தால் முதல் நாள் தாழ்வாகச் செல்லும் வால்கார்லோஸ் வழியாகப் போகச் சொல்வார்கள், மறுபேச்சு பேசாமல் கேளுங்கள். கடைசிப் பகுதியான கலீசியாவில் மழை நிச்சயம், பையையும் சேர்த்து மூடும் மழை அங்கி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைத்தடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முகவரி அனுப்புங்கள், பார்சலில் போடுகிறேன்.